மூளைப் படத்தில் இருக்கும் அந்த மஞ்சள் புள்ளி எதைக் காட்டுகிறது?

போன மாதம் அக்கா போன் செய்தாள். அவள் பையனுக்கு ஒன்பது வயது, வாசிக்கும்போது ரொம்பத் தடுமாறுகிறான், அதனால் யாரோ சொல்லி ஒரு பயிற்சி வகுப்புக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அங்கே திரையில் இரண்டு மூளைப் படங்களைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று முழுக்கச் சாம்பல் நிறம். இன்னொன்றில் அங்கங்கே சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள். முதல் படம் உங்கள் பையன் மாதிரிப் பிள்ளைகளுடையது, இரண்டாவது எங்கள் வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து எடுத்தது என்று சொன்னார்களாம். "ஏன்டா, ஸ்கேன்லயே தெரியுதுங்கறாங்களே, நிஜமா?" என்று கேட்டாள். குரலில் பயம் இருந்தது.

அவளுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன். ஏனென்றால் இது அக்காவுக்கு மட்டும் வந்த குழப்பம் இல்லை. 'காதலிக்கும்போது மூளையின் இந்தப் பகுதி ஒளிர்கிறது', 'செல்போன் பார்த்தால் போதைப்பொருள் எடுத்தவர் மூளை மாதிரி ஆகிறது', '25 வயதில்தான் மூளை முழுசாக வளர்கிறது' என்று வாரம் ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது, கூடவே அந்த வண்ணப் படமும் வந்துவிடுகிறது. படத்தைப் பார்த்தவுடன் நம்பத் தோன்றுகிறது, ஏதோ எண்ணம் ஓடுவதையே போட்டோ எடுத்துவிட்டார்கள் என்பது போல. ஆனால் அது போட்டோ இல்லை. மூளையில் எதுவும் ஒளிர்வதும் இல்லை. அந்த மஞ்சள் புள்ளி எப்படி அங்கே வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் எம்.ஆர்.ஐ.: கோயில் மணி மாதிரி

கோயிலில் பெரிய வெண்கல மணியை அடித்தால் ரீங்காரம் நெடுநேரம் நிற்கும். வீட்டுப் பூஜையறைக் கைமணி சட்டென்று அடங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும், ஓசை அடங்கும் விதத்தை வைத்தே எது எந்த மணி என்று சொல்லிவிடலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்வது கிட்டத்தட்ட இதுதான்.

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் மிகச் சிறிய காந்த ஊசி மாதிரி நடந்துகொள்ளும். ஸ்கேனரின் பெரிய குழாய்க்குள் இருக்கும் காந்தம் (பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமையானது) இந்த ஊசிகளை ஓரளவுக்கு ஒரே திசையில் திருப்பி வைக்கிறது. பிறகு ரேடியோ அலையால் அவற்றை ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். தட்டு வாங்கிய ஊசிகள் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை ஒன்றை வெளியிடுகின்றன. கொழுப்பு அதிகமுள்ள இடத்தில் அது அடங்கும் வேகம் ஒன்று, தண்ணீர் அதிகமுள்ள இடத்தில் வேறொன்று. இந்த வித்தியாசமே படத்தில் கருப்பாகவும் வெளுப்பாகவும் தெரிகிறது.

எந்தச் சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி வைப்பார்கள். அப்போது ஒவ்வொரு இடத்து 'மணி'யும் சற்று வேறு சுருதியில் ஒலிக்கும், சுருதியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்கு வழி கண்ட பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் இருக்கும் கதிர்வீச்சு இதில் கிடையாது என்பதால்தான் ஆரோக்கியமான சிறு பிள்ளைகளைக்கூட ஆராய்ச்சிக்காகப் பலமுறை படமெடுக்க முடிகிறது. இந்தத் துறையே இப்படி வளர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

இதுவரை பார்த்தது மூளையின் கட்டமைப்பைக் காட்டும் படம். வீட்டுக்குள் எத்தனை அறை, சுவர் எவ்வளவு தடிமன் என்று இது சொல்லும். வீட்டுக்குள் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லாது.

அப்புறம் எஃப்.எம்.ஆர்.ஐ.: பந்தியும் சாம்பார் வாளியும்

செய்திகளில் வரும் வண்ணப் படங்கள் பெரும்பாலும் எஃப்.எம்.ஆர்.ஐ. எனப்படும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யிலிருந்து வருபவை. ஸ்கேனர் அதேதான். பார்க்கும் விஷயம்தான் வேறு: மூளையில் ரத்தத்தின் ஆக்சிஜன் நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்பதை இது பின்தொடர்கிறது.

மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்குப் போகிறது. வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடும் என்ற சந்தேகம் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. இத்தாலியைச் சேர்ந்த உடலியலாளர் ஆஞ்சலோ மோஸ்ஸோ ஒருவரைத் தராசு மாதிரியான படுக்கையில் சமநிலையாகப் படுக்க வைத்து, அவர் மூளைக்கு வேலை கொடுத்தால் தலைப்பக்கம் தாழ்கிறதா என்று பார்த்தார். தாழ்கிறது என்றே பதிவும் செய்தார். அந்த நாளில் கையில் இருந்த கருவிகளைக் கொண்டு இப்படி யோசித்திருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

இப்போது கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் நடுவில் ஒருவர் "சாம்பார்" என்று குரல் கொடுக்கிறார். உடனே வராது, சில நொடி ஆகும். வந்தால் ஒரு கரண்டியாக வராது, வாளியாகத்தான் வரும், கேட்டவருக்கு மட்டும் இல்லாமல் அக்கம்பக்கத்து இலைகளுக்கும் ஊற்றிவிட்டுப் போவார்கள். மூளையும் அப்படித்தான். ஒரு பகுதியில் நரம்பணுக்கள் (மூளையின் செல்கள்) மும்முரமானால் அங்கே ரத்தம் பெருகி வருகிறது, அவை உண்மையில் செலவழிப்பதைவிட அதிக ஆக்சிஜன் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே வேலை நடக்கும் இடத்தில் ஆக்சிஜன் குறையும் என்றுதான் தோன்றும், ஆனால் சில நொடிகள் கழித்துப் பார்த்தால் கூடியிருக்கும்.

ஸ்கேனருக்கு இது எப்படித் தெரிகிறது? ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஏந்தியிருக்கும்போது காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை, இறக்கிவைத்த பிறகு லேசாக ஈர்க்கப்படுகிறது. இதை லைனஸ் பாலிங், சார்லஸ் கொரியெல் என்ற இருவர் 1936லேயே கண்டிருந்தார்கள். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தைக் கலைத்து மணியோசையைக் கொஞ்சம் மங்கவைக்கும். புது ரத்தம் வந்து அதை அடித்துக்கொண்டு போனால் ஓசை கொஞ்சம் தெளியும். 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும் எலிகளின் மூளையில் இந்த வித்தியாசத்தைப் படத்திலேயே காட்டினார்கள். 1992இல் மனிதர்களிடமும் இது நடந்தது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் தனித்தனியாகச் செய்து காட்டின.

இதில் மூன்று விஷயங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, வேகம். நரம்பணுக்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கில் பேசிக்கொள்கின்றன, ரத்தம் உச்சத்தைத் தொடவோ ஐந்தாறு நொடி ஆகிறது, ஆகவே நாம் பார்ப்பது பேச்சு முடிந்து வெகுநேரம் கழித்து வந்த சாம்பார் வாளியை. இரண்டாவது, அளவு. படம் சிறு சிறு கனசதுரங்களால் ஆனது, ஒவ்வொன்றையும் வோக்செல் என்பார்கள், வழக்கமாகப் பக்கத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதால் ஒரு வோக்செலுக்குள்ளேயே பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கிவிடும். மூன்றாவது, மாற்றம் மிகச் சிறியது. சமிக்ஞை ஒரு சதவீதம் கூடும், நன்றாக இருந்தால் சில சதவீதம், அவ்வளவுதான்.

சுருக்கமாகச் சொன்னால் எஃப்.எம்.ஆர்.ஐ. ஈ.பி. மீட்டர் மாதிரி. ஒரு தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரே மீட்டர், அதுவும் ஐந்தாறு நொடி தாமதமாக ஓடும் மீட்டர். கரண்ட் கூடுதலாகப் போகிறது என்று அது நிச்சயமாகச் சொல்லும். எந்த வீட்டு டிவியில் என்ன சீரியல் ஓடுகிறது என்று சொல்லாது.

நிறம் வரும் இடம்: கழித்தல் கணக்கு

சரி, மஞ்சள் புள்ளிக்கு வருவோம். மூளை எப்போதுமே இயங்கிக்கொண்டிருக்கிறது, தூங்கும்போதும்தான். 'மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம்' என்று சொல்லப்படுவது இதனாலேயே அடிபட்டுப் போகிறது. அப்படியானால் முகத்தைப் பார்ப்பதற்கென்று எந்தப் பகுதி உழைக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழித்துத்தான். மனித முகங்களைக் காட்டும்போது ஒரு அளவு, வீடுகளையோ பொருட்களையோ காட்டும்போது இன்னொரு அளவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் எங்கே மிச்சம் நிற்கிறதோ அந்த இடம். நான்சி கான்விஷரும் அவருடைய குழுவினரும் 1997இல் முகங்களைப் பார்த்தால் தனியாக மும்முரமாகும் ஒரு பகுதியை மூளையின் அடிப்பக்கத்தில் இப்படித்தான் அடையாளம் காட்டினார்கள்.

கழித்துவிட்டு, அந்த மிச்சம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று புள்ளியியல் சொல்லும் வோக்செல்களுக்கு மட்டும் கணினி நிறம் கொடுக்கிறது. வேறுபாட்டை நம்பலாம் என்றால் சிவப்பு, இன்னும் அதிகமாக நம்பலாம் என்றால் மஞ்சள். கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றவை நிறமே இல்லாமல் சாம்பலாகிவிடும், அங்கேயும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். அக்காவிடம் காட்டிய சாம்பல் படத்தைப் பார்த்தால் அந்த மூளை தூங்குகிறது என்றுதான் தோன்றும், அது தவறு. எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று சொல்லாத வண்ணப் படத்துக்கு அர்த்தமே கிடையாது.

கணக்கில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நான் யாரிடமும் சொல்லத் தயங்காத கதை ஒன்று உண்டு. கிரெய்க் பென்னெட் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்கள் பழகும் காட்சிகளை அதற்குக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். கணக்கைக் கவனக்குறைவாகப் போட்டால் மீனின் மூளையில் சில புள்ளிகள் சிவந்தன. காரணம் எளிது. ஐம்பதாயிரம் கனசதுரங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கிறீர்கள், ஆயிரத்துக்கு ஒன்று தற்செயலாகத் தவறும் என்று வைத்தாலும் ஐம்பது கனசதுரங்கள் சும்மாவே சிவக்கும். அத்தனை சோதனை செய்ததற்கு ஈடாகக் கணக்கைத் திருத்தினால் மீனின் மூளை பழையபடி சாம்பலாகிவிட்டது. 2009இல் இதை மாநாட்டில் வைத்தார்கள், 2012இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. ஆய்வாளர்கள் கணக்குப் போடும் விதத்தில் கறாராக மாறியதற்கு இந்த மீனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

கறாராகப் போட்டாலும் வழி ஒன்றே ஒன்று இல்லை. 2020இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 108 பேரின் ஒரே ஸ்கேன் தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கேள்விகளுக்குப் பதில் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் அச்சாக ஒரே வழியில் கணக்குப் போடவில்லை, சில கேள்விகளுக்குப் பதில்களும் வேறுபட்டன. இதனால் துறையே பொய் என்றாகிவிடாது, அதே துறை ஆட்கள்தான் இந்தச் சோதனையைத் தங்கள்மேல் தாங்களே நடத்திக்கொண்டார்கள். ஆனால் ஒற்றை ஆய்வின் ஒற்றைப் படத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆக, மஞ்சள் புள்ளி என்பது இரண்டு நிலைகளுக்கு இடையே ரத்தத்தின் ஆக்சிஜனில் இருக்கும் வேறுபாடு, அதுவும் புள்ளியியல் சல்லடையில் சலித்த பிறகு மிஞ்சியது.

மீட்டரைப் பார்த்து மனசைச் சொல்லலாமா?

கிரைண்டர் போட்டால் மீட்டர் வேகமாக ஓடும். மீட்டர் வேகமாக ஓடினால் கிரைண்டர்தான் ஓடுகிறது என்று சொல்ல முடியுமா? அயர்ன் பாக்ஸாக இருக்கலாம், மோட்டாராக இருக்கலாம். இந்தத் துறையைப் பற்றிய செய்திகளில் நடக்கும் மிகப் பெரிய பிழை இதுதான், இதற்கு எதிர்த்திசை ஊகம் என்று பெயர்: ஒரு பகுதி மும்முரமாவதைப் பார்த்து, ஆள் இன்னதைத்தான் உணர்கிறார் என்று பின்னோக்கி முடிவு கட்டுவது. ரஸ்ஸல் போல்ட்ராக் என்ற ஆய்வாளர் 2006இல் இதைப் பற்றித் தெளிவாக எழுதி எச்சரித்தார்.

அதையும் மீறி 2011இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை வந்தது. ஐபோன் ஒலியைக் கேட்டவர்களின் மூளையில் இன்சுலா என்ற பகுதி மும்முரமானதாம், இன்சுலா அன்போடு தொடர்புடையதாம், ஆகவே மக்கள் ஐபோனைக் காதலிக்கிறார்களாம். போல்ட்ராக்கும் நாற்பதுக்கு மேற்பட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து மறுப்புக் கடிதம் எழுதினார்கள். இன்சுலா வலியின்போதும் மும்முரமாகிறது, அருவருப்பின்போதும் ஆகிறது, வெளிவரும் ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் அது தலைகாட்டுகிறது. அதே தரவை வைத்து மக்கள் ஐபோனைப் பார்த்து அருவருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கலாம். 'செல்போனும் போதைப்பொருளும் ஒன்று' என்ற செய்திகளையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஒரே பகுதி இரண்டிலும் மும்முரமாவது இரண்டும் ஒன்று என்பதற்குச் சாட்சி ஆகாது.

நம் நாட்டில் இது வெறும் பேச்சோடு நிற்கவில்லை. தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. முறையை வைத்துக் குற்றவாளியின் ஞாபகத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்று 'பிரெயின் மேப்பிங்' சோதனைகள் நடந்தன. 2010 மே மாதம், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில், ஒருவரின் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனைகளையோ உண்மை கண்டறியும் ஊசியையோ நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொள்ளும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்ற உரிமை மூளையின் சமிக்ஞைக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். எனக்கு அது மிகச் சரியான தீர்ப்பு.

கேள்வியைச் சரியாக அமைத்தால் இதே கருவி நெஞ்சை உலுக்கும் பதிலும் தரும். 2006இல் ஏட்ரியன் ஓவனின் குழு, சாலை விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் எதற்கும் பதில் தராமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் செய்தது. "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்று சொன்னபோது உடலசைவைத் திட்டமிடும் பகுதி மும்முரமானது. "உங்கள் வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நடந்து போவதாக நினையுங்கள்" என்றபோது இடங்களை நினைவில் வைக்கும் பகுதிகள். ஆரோக்கியமானவர்களிடம் வரும் அதே பாங்கு. அவருக்குச் சொல்வது கேட்டிருக்கிறது, புரிந்திருக்கிறது, சொன்னபடி செய்தும் இருக்கிறார். இங்கே யாரும் அவர் மனதைப் படிக்கவில்லை. இரண்டு கற்பனைகளுக்கு மூளை எப்படி வேறுபடும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, பிறகு கேட்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளை ஸ்கேனருக்குள் படுக்க வைப்பது

ஸ்கேனர் போடும் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும், குழாய் குறுகலானது, தலை அசையவே கூடாது. ஒன்பது வயதுப் பையனை இருபது நிமிடம் அப்படிப் படுக்கவைத்துப் பாருங்கள்! அதனால் முதலில் காந்தம் இல்லாத பொம்மை ஸ்கேனரில் பழக்குகிறார்கள், உள்ளே கார்ட்டூன் ஓடவிடுகிறார்கள். கைக்குழந்தை என்றால் பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதுக்குக் காப்புப் போட்டு, தூங்கிய பிறகு உள்ளே வைப்பார்கள். மூன்று மாதக் குழந்தைகள் பேச்சைக் கேட்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் மொழிக்கான பகுதிகள் ஏற்கெனவே மும்முரமாகின்றன என்று பாரிஸில் கிலேன் தெஹேன்-லாம்பெர்ட்ஸ் குழு 2002இல் காட்டியது. படுக்கவே மறுக்கும் பிள்ளைகளுக்கு ஈ.ஈ.ஜி. தொப்பி உண்டு, தலைக்குள் லேசாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் முறையும் உண்டு. மடியில் உட்கார வைத்தே செய்யலாம். ஆனால் மூளையின் மேற்பரப்பைத் தாண்டி ஆழத்தில் இருப்பதை இந்த ஒளி முறை காட்டாது.

அசைவுதான் இந்தத் துறைக்கு மறக்க முடியாத பாடம் புகட்டியது. மூளையின் இரண்டு பகுதிகளில் ரத்த ஏற்ற இறக்கம் சேர்ந்தாற்போல் நடந்தால் அவை தொடர்பில் இருப்பதாகக் கொள்வார்கள், இதற்கு ஒத்திசைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். சிறு பிள்ளைகளிடம் அருகருகே உள்ள பகுதிகள் ஒத்திசைகின்றன, வளர வளரத் தூரத்துப் பகுதிகளின் ஒத்திசைவு கூடுகிறது என்று ஒரு அழகான கண்டுபிடிப்பு இருந்தது. 2012இல் ஜோனதன் பவரும் சகாக்களும் ஒரு சங்கடமான உண்மையைக் கண்டார்கள். தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே, அருகிலுள்ள பகுதிகள் கூடுதலாக ஒத்திசைவது போலவும் தூரத்துப் பகுதிகள் குறைவாக ஒத்திசைவது போலவும் கணக்குக் காட்டிவிடுகிறது. அதிகம் அசைவது யார்? சிறு பிள்ளைகள். வளர்ச்சி என்று நினைத்ததில் ஒரு பகுதி, பிள்ளைகள் நெளிந்ததால் வந்த பிம்பம். இதைக் கண்டுபிடித்தவர்களில் முன்பு அந்த முடிவை வெளியிட்டவர்களே சிலர் இருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அறிவியல்மேல் நம்பிக்கை கூடத்தான் செய்கிறது.

வளரும் மூளை: முருங்கைக்குக் கவாத்து

ஆறு வயதிலேயே பிள்ளையின் மூளை பெரியவர் மூளையில் சுமார் 90 சதவீத அளவை எட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது பெருப்பது அல்ல, சீரமைப்பு.

நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். பீட்டர் ஹட்டன்லாக்கர் 1979இல், இறந்தவர்களின் மூளைத் திசுவை எடுத்துச் சினாப்ஸ்களை எண்ணிப் பார்த்தார். ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் முன்மூளையில் பெரியவர்களிடம் இருப்பதைவிட அடர்த்தியாக இருந்தன. பிறகு வருடக்கணக்கில் குறைந்துகொண்டே வருகின்றன. முருங்கையை வெட்டிவிடாமல் விட்டால் கண்டபடி நீண்டு காற்றுக்கு ஒடியும், கவாத்துச் செய்தால்தான் காய் பிடிக்கும். மூளை செய்வதும் அப்படி ஒரு கவாத்து, பயன்படாதவை குறைந்து பயன்படுபவை உறுதியாகின்றன. இன்னொரு பக்கம், நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை ஏறிக்கொண்டே போகிறது, ஒயருக்கு மேல் இன்சுலேஷன் மாதிரி, சமிக்ஞை வேகமாகப் போவதற்கு. மயலின் நிறைந்த இடம் வெளுப்பாகத் தெரிவதால் வெண்பகுதி, நரம்பணுக்களின் உடல்கள் நெருங்கியிருக்கும் மேலடுக்குச் சாம்பல் பகுதி.

எம்.ஆர்.ஐ.யில் வளரிளம் பருவத்துச் சாம்பல் பகுதி மெலிவது நன்றாகத் தெரியும். அதைக் 'கவாத்து நடக்கிறது' என்று நேரடியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஸ்கேனருக்கு சினாப்ஸ் கண்ணில் படாது, அது அவ்வளவு சின்னது. சாம்பல் பகுதியின் அடியில் மயலின் ஏறினால் அந்த இடம் வெளுத்து, எல்லைக்கோடு மேலே நகர்ந்து, மெலிந்தது போலத் தோன்றும். இரண்டும் கலந்தே நடக்கின்றன. நரம்பணு அளவில் பார்க்க வேண்டுமென்றால் திசுவைச் சீவித்தான் ஆக வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' வரைபடம் அப்படிப்பட்டது, கருவில் இருக்கும் சிசுக்களின் மூளையின் 5,132 சீவல்களை நுணுக்கமாகப் படமெடுத்து முப்பரிமாணத்தில் அடுக்கியிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். உயிரோடிருக்கும் பிள்ளையிடம் எம்.ஆர்.ஐ. காட்டும் மங்கலான மாற்றத்துக்குப் பொருள் சொல்ல இந்த மாதிரி வரைபடங்கள் வேண்டும்.

இப்போது அந்த 25 வயதுக் கதை. 2004இல் நிதின் கோக்டேயும் சகாக்களும் 13 பிள்ளைகளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்த ஆய்வை வெளியிட்டார்கள், வயது 4 முதல் 21 வரை. பார்வை, தொடுவுணர்வு, அசைவு சார்ந்த பகுதிகள் முந்தி முதிர்கின்றன, திட்டமிடுவதற்கும் அடக்கிக்கொள்வதற்கும் உதவும் முன்பகுதிகள் பிந்தி முதிர்கின்றன என்ற வரிசை அதில் தெளிவாகத் தெரிந்தது. வரைபடம் 21இல் முடிந்ததற்குக் காரணம் ஆய்வு அங்கே முடிந்ததுதான். 25 என்ற கோடு அதில் இல்லை. 2022இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் திரட்டி, கருவிலிருந்து நூறு வயது வரை, குழந்தை மருத்துவரிடம் இருக்கும் உயரம்-எடை அட்டவணை மாதிரி மூளைக்கு ஒன்று தயாரித்தார்கள். அதன்படி சாம்பல் பகுதியின் மொத்த அளவு ஆறு வயதையொட்டி உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. வெண்பகுதி 29 வயதையொட்டித்தான் உச்சத்துக்கு வருகிறது. எந்தப் பகுதியைக் கேட்கிறீர்களோ அதற்கேற்ற பதில், அதுவும் சராசரிக்கு.

சுருக்கம்: ஆறு வயதுக்குப் பிறகு மூளை குறைத்தும் உறை போட்டும் சீராகிறது, ஒவ்வொரு பகுதிக்கும் தனி நேரம், ஸ்கேன் அதன் வெளிக்கோட்டைத்தான் காட்டும்.

கற்றால் மூளை மாறுமா?

மாறும். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும், மூன்று நான்கு வருடம் ஆகும். எலினார் மக்வயரின் குழு 2011இல், படிக்கத் தொடங்கும்போதும் முடிந்த பிறகும் அவர்களைப் படமெடுத்தது. தேர்ச்சி பெற்றவர்களின் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்தது, தேறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறிவில்லாதவர்கள், பெரியவர்களான பிறகு படிக்கக் கற்றவர்கள், சிறுவயதிலேயே கற்றவர்கள் என்று மூன்று வகையினரை ஒப்பிட்ட 2010 ஆய்வில், எழுத்துகளைப் பார்த்தால் மும்முரமாகும் ஒரு பகுதி படித்தவர்களிடம் இருந்தது, சிறுவயதில் கற்றாலும் பெரியவரான பிறகு கற்றாலும் அது உருவாகத் தொடங்கியிருந்தது. மூளை பிறக்கும்போதே எழுதி முடித்த ஒன்றல்ல.

ஆனால் இவை எல்லாம் குழுக்களின் சராசரி. அக்காவிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான். 2022இல் ஸ்காட் மாரெக் முதலானோர் மூளைப் படத்துக்கும் அறிவுத்திறன் போன்ற குணங்களுக்கும் உள்ள தொடர்பைப் பெரும் தரவுகளில் தேடினார்கள். அந்தத் தொடர்புகள் மிக மெல்லியவை, நம்பகமாகக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும், இருபது முப்பது பேரை வைத்துச் சொன்ன பல முடிவுகள் நிலைக்காது என்று தெரிந்தது. அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 11,800க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பல ஆண்டுகளாக ஏ.பி.சி.டி. என்ற மூளை வளர்ச்சி ஆய்வு நடக்கிறது, அந்த அளவுக்கு ஆட்கள் இருந்தால்தான் இப்படித் தேட முடியும். கட்டியோ வலிப்புக்குக் காரணமான வடுவோ இருந்தால் ஸ்கேன் ஒரு தனிப் பிள்ளைக்கு உயிர் காக்கும். ஒரு பிள்ளை ஏன் எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறான் என்று அவனுடைய ஒற்றைப் படத்தைப் பார்த்து இன்று யாராலும் சொல்ல முடியாது. அதை அவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான், பொறுமையாக ஒவ்வொரு ஒலியாகச் சோதித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

"அப்ப அவங்க காட்டின படம்?" என்றாள் அக்கா.

அந்தப் படத்தில் இருப்பது யாருடைய மூளை, எதிலிருந்து எதைக் கழித்தார்கள், எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் போய்க் கேட்டிருக்கிறாள், மூன்றுக்கும் பதில் வரவில்லை. பணம் கட்டாமல் வந்துவிட்டாள். முதலில் பையனின் கண்ணையும் காதையும் சோதித்தாகிவிட்டது, இரண்டும் சரியாக இருக்கின்றன. வாசிப்புச் சிரமத்தைச் சோதிக்கும் சிறப்பாசிரியரிடம் வரும் சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறாள், நானும் கூடப் போகிறேன்.